பத்துக் காசா, பன்னிரண்டு காசா?

புலாவ் செபாங் ரயில் நிலையத்தை விட்டுச் சற்றுத் தள்ளிப் போனால் மாநிலமே மாறிவிடும். மலாக்கா முடிந்து நெகிரி செம்பிலானின் தம்பின் வந்துவிடும். ஜப்பானியர் வருமுன் இந்த எல்லைக்குக் கனம் அதிகம். இந்தப் பக்கம் பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட நீரிணைக் குடியேற்றம். அந்தப் பக்கம் மலாய் ஆட்சியாளர் பெயரில் ரெசிடென்ட் நடத்திய கூட்டு மாநிலம். பால்மரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், வெட்டிய தமிழரும் ஒன்றுதான். இப்படிப் பிரித்துக் கணக்கெடுத்து, பிறகு அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நம்மை இன்றும் விடவில்லை.

1928இல் தென்னிந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த நாட்கூலி, போக்குவரத்து எளிதான வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. எட்டாத உட்பகுதிகளில் 58, 46. விடியுமுன் பெரட்டில் நின்று, கிராணி செக்ரோலில் பேர் போட்ட பிறகு காட்டுக்குள் போன பெண்ணுக்கு எங்கேயும் குறைவுதான். அது தெரிந்த சங்கதி. உட்பகுதியில் அந்தக் குறைவு கூடியதா என்பதுதான் கேள்வி. காசை எண்ணினால் கூடியது. 10 காசு 12 ஆயிற்று. விகிதம் பார்த்தால் அநேகமாக அப்படியேதான்: இங்கே நூற்றுக்கு 80, அங்கே 79க்குக் கொஞ்சம் மேல். பட்டியல் ஒன்று, பதில் இரண்டு. எந்த அளவுகோல் என்று முதலிலேயே சொல்லாதவன் பேச்சை நம்பக் கூடாது.

ஒரு காரணியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவதைப் புள்ளியியலார் இடைவினை என்பார்கள். 1923இலேயே ரோனால்ட் ஃபிஷரும் வினிஃப்ரெட் மெக்கென்சியும் உருளைக்கிழங்கு ரகங்கள் எருவுக்கு வெவ்வேறாகப் பலன் தருகின்றனவா என்று இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணைக் கணக்கில் பார்த்தார்கள். ரிக்ரெஷன் கணக்கில் வழி எளிது: இரு குழுக்களையும் ஒரே சமன்பாட்டில் போட்டு, குழுவையும் காரணியையும் பெருக்கி வரும் உறுப்பைச் சேர்த்து, அதைச் சோதிக்க வேண்டும். நம்மவர் செய்வது வேறு. பட்டணப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு, தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. அங்கே டியூஷன் பலன் ‘உறுதி’, இங்கே ‘உறுதியில்லை’. ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்கு டியூஷன் பலிக்காது! தோட்டப் பள்ளியில் பிள்ளைகள் கொஞ்சம். எண்ணிக்கை குறைந்தால் உறுதியும் குறையும், பலன் அதே அளவு இருந்தாலும்கூட. பெரிய ஆட்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2011இல் நரம்பியல் ஆய்விதழ்களைப் புரட்டியபோது, இந்தத் தவறுக்கு இடமிருந்த 157 கட்டுரைகளில் 79 தவறாகவே ஒப்பிட்டிருந்தன.

இடைவினையைப் பார்க்காமல் விடுவது நம் நாட்டில் கொள்கையாகவும் ஆனது. 1970இல் தீபகற்ப மலேசியாவின் வறுமை விகிதம் மலாய்க்காரர் 64.8, இந்தியர் 39.2, சீனர் 26. நடுவில் நின்ற அந்த 39.2இல் கோலாலம்பூர் வக்கீலும் அடக்கம், லயத்துப் பால்வெட்டுத் தொழிலாளியும் அடக்கம். இந்தியர் என்பதும் தோட்டத்தில் வாழ்வதும் சேர்ந்தால் என்ன நேர்கிறது என்று அந்த எண்ணைக் கேட்டால் பதில் வராது. தோட்டம் தனியார் நிலம் என்று கிராம மேம்பாட்டுத் திட்டங்களும் வாசலோடு நின்றன. 39.2ஐ எடுத்துக்கொண்டு ‘அவ்வளவு மோசமில்லை’ என்றவர்கள் பொய் சொல்லவில்லை. கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

நியாயத்துக்கு ஒன்றும் சொல்ல வேண்டும்: இடைவினையைப் பிடிப்பது செலவு பிடித்த வேலை. நான்கு சம குழுக்களில், ஒரு காரணியின் தனி விளைவை அறிவதோடு ஒப்பிட்டால், அதே அளவு இடைவினையை அதே துல்லியத்தோடு அறிய நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். மலாக்காவின் தோட்டங்களில் இன்று அத்தனை தமிழ்க் குடும்பங்கள் தேறுவதே கடினம். அதனால் தனி ஆய்வாளர் தலையில் இதைக் கட்ட முடியாது. புள்ளியியல் துறை இனவாரி அட்டவணையோடு நின்றுவிடாமல், இனம், ஆண் பெண், தோட்டம் பட்டணம் மூன்றையும் குறுக்கே வைத்து வெளியிட வேண்டும். நம் சங்கங்கள் மகஜர் கொடுக்கும்போது முதலில் இதைக் கேட்கட்டும்.