தளர்ந்த மொழியா, தட்டிக் கேட்கும் மொழியா?

வங்கிக் கணக்கு முதல் தேர்வு முடிவு வரை அனைத்தையும் இன்று இணையப் பக்கங்களில் காண்கிறோம். அப்பக்கங்களுக்கான நிரல்களை எம்மொழியில் எழுதுவது சிறந்தது? கணிப்பொறி பயிலும் மாணவியர் சிந்திக்க வேண்டிய வினா இது.

1995-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் 10 நாட்களில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். கற்பதற்கு எளிய மொழி. எழுதியவுடன் உலாவியில் இயங்கும். ஆனால், எதையும் தட்டிக் கேட்காது! பக்கத்திலுள்ள இரு கட்டங்களில் 45, 38 என்று மதிப்பெண்களை இட்டு, அவற்றை அப்படியே கூட்டச் சொன்னால் விடை 83 அன்று, 4538! கட்டத்தில் இட்டதை எண்ணாகக் கொள்ளாமல், எழுத்தாகக் கொண்டு ஒட்டிவிடுகிறது. அவற்றையே கழிக்கச் சொன்னாலோ, எண்ணாக மாற்றி 7 என்று சரியாகச் சொல்கிறது! இதைத் திருத்தலாகாதா? திருத்தினால், இவ்வியல்பை நம்பி முன்னரே எழுதப்பட்ட பக்கங்கள் பழுதாகிவிடுமே!

2012-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டைப்ஸ்கிரிப்ட் மொழியை வெளியிட்டது. இதில் ‘இது எண்’, ‘இது எழுத்து’ என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். எண் வரவேண்டிய இடத்தில் எழுத்தை வைத்தால், நிரல் இயங்குமுன்னரே பிழை சுட்டிக்காட்டப்படும்.

“இவ்வளவும் எழுதினால் நேரம் வீணாகாதா?” என்பர் சிலர். சிறு பயிற்சிக்கு அது பொருந்தலாம். ஆனால், ஒரு மாணவியின் மதிப்பெண்ணையோ, ஒரு நோயாளியின் மருந்தளவையோ கணக்கிடும் நிரலில் அவசரம் ஆகுமா? பதறாத காரியம் சிதறாது அன்றோ?

இம்மொழி இருந்தால் போதும், கவலையே இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. நிரல் இயங்கும்போது வகைக் குறிப்புகள் நீக்கப்பட்டு, ஜாவாஸ்கிரிப்டாகவே இயங்குகிறது. ஆகவே, வெளியிலிருந்து வரும் தகவலை நாமே சோதித்தல் வேண்டும். சராசரி காண 5-ஆல் வகுக்க வேண்டியதை 6-ஆல் வகுத்தால், அதையும் இம்மொழி அறியாது. சிந்திப்பது நம் கடமையே.

அப்படியானால் பழைய நிரல்களைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டியதில்லை. டைப்ஸ்கிரிப்ட் பழைய மொழியின் மீதே எழுப்பப்பட்டது. ஆதலால் ஒவ்வொரு கோப்பாக, பொறுமையுடன் மாற்றிக்கொள்ளலாம்.

தோழியரே! தவறு செய்யுமுன் தடுப்பவர் நம் பகைவர் அல்லர். பழகிப் பார்க்கத் தளர்ந்த மொழி போதும். பிறர் நம்பியிருக்கும் பணிகளுக்குத் தட்டிக் கேட்கும் மொழியையே தேர்ந்தெடுப்போமாக!