எலிச் சோதனை வீண்தானா?

ஒரு வேதிப்பொருள் மரபணுவில் சடுதிமாற்றம் உண்டாக்குமா என்றறிய பாக்டீரியாவில் செய்யும் ஏம்ஸ் சோதனையே போதும், அதற்குமேல் எலிகளில் சோதிப்பது வீண் என்ற கருத்து பரவலாக உள்ளது. புரூஸ் ஏம்ஸ் 1970களில் அமெரிக்காவில் உருவாக்கிய இச்சோதனை மலிவானது. சில நாட்களில் முடிவு தெரியும். ஹிஸ்டிடின் இல்லாமல் வளர முடியாத சால்மோனெல்லா, சடுதிமாற்றத்தால் அத்திறனை மீட்டுக்கொண்டு தட்டில் புள்ளி புள்ளியாக வளர்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் வடிகட்டலுக்கு இது மிகச் சிறந்த முறை. இதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்வதுதான் தவறு.

பாக்டீரியாவில் தெரிவது விலங்கிலும் அப்படியே நடக்கும் என்கிறார்கள். சோடியம் அசைடு இதைப் பொய்யாக்குகிறது. ஏம்ஸ் சோதனையில் அது வலுவான சடுதிமாற்றி. பாக்டீரியாவிலுள்ள ஒரு நொதி அதை அசைடோஅலனின் என்ற பொருளாக மாற்றுவதே அதற்குக் காரணம். ஈராண்டுக் காலம் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில், சடுதிமாற்றத்தின் விளைவாக வரக்கூடிய புற்றுநோயை அது உண்டாக்கியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

எலிக் கல்லீரலிலிருந்து எடுத்த, நொதிகள் கொண்ட 'எஸ்9' சாற்றைத் தட்டில் சேர்க்கிறோமே, அது போதாதா என்ற வாதமும் உண்டு. போதாது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிஃபென் ஏம்ஸ் சோதனையில் குற்றமற்றதாகவே தேறுகிறது. உயிருள்ள எலியின் கல்லீரலிலோ அதன்மீது முதலில் ஹைட்ராக்சிலும் பிறகு சல்பேட்டும் ஏறுகின்றன. அப்படி மாறிய மூலக்கூறு டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. சல்பேட் ஏற்றும் நொதிக்குத் தேவையான துணைப்பொருள் வழக்கமான எஸ்9 கலவையில் இருப்பதில்லை. நீண்டகாலம் மருந்து கொடுத்த எலிகளுக்குக் கல்லீரல் கட்டிகள் வந்தன.

சடுதிமாற்றத்தை நேரடியாகக் காட்டியவை 'பிக் புளூ' வகை எலிகள். இவற்றின் ஒவ்வொரு செல்லிலும் பாக்டீரியாவின் லாக்-ஐ மரபணு புகுத்தப்பட்டிருக்கும். மருந்து கொடுத்தபின் கல்லீரல் டி.என்.ஏ.வைப் பிரித்து, வைரஸ் கூடுகளில் அடைத்து, ஈ.கோலை பரப்பிய தட்டில் விடுவார்கள். லாக்-ஐ பழுதான இடத்தில் நீலப் புள்ளி தோன்றும். டமாக்சிஃபென் பெற்ற எலிகளில் அப்புள்ளிகள் கூடின. 2011இல் இம்முறை ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 488ஆம் சோதனை வழிகாட்டியானது. 28 நாள் மருந்தளிப்பது அதன் பொது விதி.

நுண்ணுட்கருச் சோதனை ஏற்கெனவே இருக்கிறதே என்பது பொருந்தாத மறுப்பு. அது குரோமோசோம் உடைவதையும் தவறிப்போவதையும் பிடிக்கும். டி.என்.ஏ.வில் நேரும் ஒற்றை எழுத்துப் பிழையைப் பிடிக்காது.

ஏராளமான விலங்குகள் சாகின்றன என்ற கவலை நியாயமானது, புறந்தள்ளக் கூடாதது. அதற்கு விடையும் பிறந்திருக்கிறது. 2022இல் ஓ.இ.சி.டி. ஏற்ற பிக்-ஏ சோதனைக்குச் சில துளி இரத்தம் போதும். பிக்-ஏ மரபணு பழுதான தாய்ச் செல்களிலிருந்து வந்த சிவப்பணுக்கள் தம் மேற்பரப்பில் ஒரு புரதத்தை இழந்திருக்கும். கருவி அவற்றை எண்ணிவிடும். வேறொரு நச்சியல் ஆய்வுக்கென வளர்க்கும் எலிகளிலேயே இதையும் செய்யலாம்.

கடைசி வாதம், எலி மனிதன் அல்ல என்பது. உண்மைதான். டமாக்சிஃபென் உட்கொண்ட பெண்களிடம் எலிகளில் கண்டதுபோல் கல்லீரல் புற்றுநோய் பெருகவில்லை. கூடியது கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் அபாயம். மனிதக் கல்லீரல் நொதி அந்தச் சல்பேட்டை மிக மெதுவாகவே ஏற்றுகிறது. எந்தப் படியில் கேடு விளைகிறது என்று எலியில் தெரிந்திருந்ததால்தான், மனிதக் கல்லீரலில் அதே படியைத் தேடி அளக்க முடிந்தது.