அழக் கூடாத பிள்ளை

திருநள்ளாற்றில் சனிக்கிழமை என்றால் கூட்டத்துக்குச் சொல்லவா வேண்டும்? நளதீர்த்தத்தில் முழுகி, சனி பகவானைத் தரிசித்துவிட்டு, ஈரத் தலையோடு தேநீர்க் கடையில் ஒதுங்குகிறவர்கள் ஏராளம். அப்படி ஒதுங்கிய ஒரு நாள் கண்ட காட்சி இது.

கடையில் தேர்தல் பேச்சு சூடாக நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு தீர்ப்பு. ஓர் இளைஞர் மட்டும் வாய் திறக்கவில்லை. வடக்கே எல்லையிலிருந்து ரஜாவில் வந்திருக்கும் சிப்பாய் அவர்.

“ஏன் தம்பி, நீ ஒண்ணும் சொல்லலியே?” என்றார் ஒரு பெரியவர்.

“ஓட்டுப் போடுவேன் மாமா. பேச மாட்டேன். எங்க வேலை அப்படி.”

“சரி, அதை விடு. அங்கே சாப்பாடெல்லாம் எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு மாமா.”

அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்ளதைச் சொன்னாரா, விதிக்கு அடங்கிச் சொன்னாரா என்பது கடையில் இருந்த எவருக்கும் விளங்கவில்லை. நம்மை உறுத்தியது அதுதான்.

பேச்சுரிமை குடிமக்கள் அனைவருக்கும் உண்டு என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து. படையினர் விஷயத்தில் அதைச் சுருக்கும் அதிகாரத்தை 33-வது ஷரத்து பாராளுமன்றத்துக்கு அளிக்கிறது. அதன் வழி வந்தவைதாம் 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமும், 1954-ஆம் ஆண்டின் ராணுவ விதிகளும். சிப்பாய் கட்சிக் கூட்டத்துக்குப் போகக் கூடாது. கட்சியில் சேரவோ நன்கொடை தரவோ கூடாது. தேர்தலில் நிற்கக் கூடாது. அரசியலைப் பற்றியோ ராணுவ விஷயங்களைப் பற்றியோ அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுதக் கூடாது. தேநீர்க் கடைப் பேச்சை இவ்விதிகள் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் பூட்டிப் பழகிய வாய், கடைக்கு வந்ததும் திறந்துவிடுமா?

இந்த வட்டாரத்துக்கு இது புதிதல்ல. 1954 நவம்பர் 1-ஆம் தேதி கைமாறும் வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தப் பட்டாளத்தில் பணியாற்றியவர்களை ‘சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சு அரசோ 1872 முதல் 1945 வரை பணியிலிருந்த சிப்பாய்க்கு ஓட்டே தரவில்லை. அந்நாட்டார் தம் ராணுவத்துக்கு வைத்த பெயரே ‘பெரிய ஊமை’. நம் நாடு அந்த அளவுக்குப் போகவில்லை. சிப்பாய்க்கு இங்கே ஓட்டு உண்டு. வாக்குச் சீட்டை மின்வழி அனுப்பித் தபாலில் திரும்பப் பெறும் முறையை முதன்முதலில் 2016-இல் சோதித்துப் பார்த்ததும் நம் புதுவையின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான்.

கட்சி அரசியலிலிருந்து படையை விலக்கி வைப்பது சரியே. துப்பாக்கி ஏந்தியவர் கட்சி பேசினால் அது பேச்சோடு நிற்பதில்லை. 1958-இல் பாகிஸ்தானிலும் 1962-இல் பர்மாவிலும் தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அதன் பின்னர் கடை கண்ணியை இழந்து பர்மாவிலிருந்து கப்பலேறிய தமிழர்களுக்கு அதன் விலை தெரியும்.

ஆனால் கட்சி வேறு, கஞ்சி வேறு. கட்சியைப் பற்றிப் பேசாதே என்பது நியாயம். கஞ்சியைப் பற்றியும் பேசாதே என்றால்?

2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் தேஜ் பகதூர் யாதவ், கருகிய ரொட்டியையும் தண்ணீராக இருந்த பருப்பையும் படம் பிடித்து ஊருக்குக் காட்டினார். ஏப்ரலில் வேலை போயிற்று. அந்தப் படை உள்துறையைச் சேர்ந்தது. ஆயினும் அதன் கட்டுப்பாட்டுக்கும் வேர் அதே 33-வது ஷரத்துதான். அவர் செய்தது ஒழுங்கு மீறல் என்றே வைத்துக்கொள்வோம். வேறு வழி என்ன இருந்தது?

அதே ஜனவரியில் ராணுவத் தளபதி பிபின் ராவத் புகார்ப் பெட்டிகள் வைக்கச் சொன்னார். மேலதிகாரியிடம் முறையிட ராணுவச் சட்டத்தின் 26-வது பிரிவும் வழி செய்கிறது. நல்லதுதான். ஆனால் பெட்டியின் சாவி யாரிடம்? மனு போகும் மேஜை யாருடையது? எல்லாம் ஒரே வீட்டுக்குள்ளேதான்! 2009 முதல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இயங்குகிறது. சென்னையிலும் அதன் அமர்வு உண்டு. ஆனால் பருப்பு தண்ணீராக இருக்கிறது என்று சொல்வதற்கு ஒருவர் வழக்காட வேண்டுமா?

ஹிட்லரின் பட்டாளத்தால் சூடுபட்ட நாடு ஜெர்மனி. 1956-இல் மேற்கு ஜெர்மனி தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, படையினருக்கெனப் பாராளுமன்ற ஆணையர் பதவியை ஏற்படுத்தியது. எந்தச் சிப்பாயும் மேலதிகாரியைக் கேளாமலே அவருக்கு நேரே எழுதலாம். ஆண்டுதோறும் அவர் பாராளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறார். அந்தப் பதவி இன்றும் இருக்கிறது, படையும் இருக்கிறது.

நமக்கும் அப்படி ஒருவர் வேண்டும். சிப்பாயின் உரிமையைச் சுருக்கியது பாராளுமன்றம். அவருக்குக் காது கொடுக்க வேண்டியதும் பாராளுமன்றமே. புதுவைக்கும் காரைக்காலுக்கும் சேர்த்து மக்களவையில் இருப்பது ஓர் உறுப்பினர்தான். அந்த ஒருவர் எழுந்து கேட்டாலும் போதும், ஆரம்பமாகிவிடும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழக் கூடாது என்று நாமே கட்டளையிட்ட பிள்ளைக்கு, பசிவேளை அறிந்து ஊட்ட வேண்டியது தாயின் கடமையல்லவா? அடுத்த ரஜாவில் அந்த இளைஞர் அதே கடையில் உட்கார்ந்து, “நல்லாத்தான் இருக்கு மாமா” என்று சொல்லும்போது, நாம் அதைச் சந்தேகமில்லாமல் நம்ப முடிய வேண்டும்.