ஆடிக் கற்கும் அறிவியல்

கல்விக்குப் பகை விளையாட்டு என்பர் பலர். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். பொள்ளாச்சியில் எங்கள் இல்லத்தில் ஒருநாள் என் பேத்தி கணினியின் முன் அமர்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். "தேர்வு நெருங்கும் வேளையில் ஆட்டமா?" எனக் கடிந்தேன். "அப்பச்சி, நான் உயிர்வேதியியல் படிக்கிறேன். சற்றே வந்து பாருங்கள்" என்றாள். பார்த்தேன், என் கருத்து மாறிற்று.

அவ்விளையாட்டின் பெயர் ஃபோல்டிட். அமெரிக்க நாட்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அதனை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எழுத்துகள் கூடிச் சொல்லாவது போல, இருபது வகை அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பெற்றுப் புரதமாகின்றன. அச்சங்கிலி உரிய வடிவில் மடிந்த பின்னரே பெரும்பாலும் தன் தொழிலைச் செய்யும். எழுத்துகள் சேர்வதற்குப் புணர்ச்சி விதிகள் உள்ளமை போல இதற்கும் விதிகள் உண்டு. நீரை வெறுக்கும் பகுதிகள் உள்ளே ஒடுங்குதல் வேண்டும். அணுக்கள் ஒன்றோடொன்று மோதுதல் கூடாது. இவ்விதிகளைப் பேணி மடிப்பவர்க்கு மதிப்பெண் ஏறும், பிழைத்தவர்க்குக் குறையும். ஆட்டத்தின் விதி இங்கு இயற்கையின் விதியே அன்றோ?

இவ்வாட்டத்தின் பயன் சிறிதன்று. குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயை விளைக்கும் வைரஸ் ஒன்றின் நொதி, பத்தாண்டுகளுக்கு மேலாகத் தன் வடிவை அறிஞர்க்குக் காட்டாதிருந்தது. ஃபோல்டிட் ஆடுவோர் மூன்றே வாரங்களில் அதற்கு ஏற்றதொரு மாதிரியை அமைத்தனர். அதனைக் கொண்டு அறிஞர் அந்நொதியின் வடிவைத் தெளிந்தனர். இச்செய்தி 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது.

வடிவைக் கண்டு தெளிதல் நம் நாட்டார்க்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜன் என்னும் புரதம் முப்புரியாய் முறுக்குண்டது என 1954ஆம் ஆண்டில் உலகிற்கு உரைத்தனர். நம் ஊரில் தேங்காய் நார் முறுக்கேறிக் கயிறாவதைக் கண்ட மாணவர்க்கு அவ்வடிவம் எளிதில் விளங்கும். புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் திரும்பக்கூடும் எனக் காட்டும் வரைபடத்தை இராமச்சந்திரனும் அவர்தம் துணைவரும் 1963ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அஃது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

மாணவர்களே! ஆட்டம் மட்டும் கல்வி ஆகாது. மதிப்பெண் ஏன் ஏறிற்று என்று வினவாதவன் ஆடியவனே, கற்றவன் அல்லன். பெயர்களை உருப்போட்டுத் தேர்வு முடிந்ததும் மறப்பவனும் கற்றவன் அல்லன். ஆதலின், காலத்தை வரையறுத்து ஆடுங்கள். ஆடி முடித்ததும் கண்டதை உங்கள் சொற்களில் எழுதுங்கள். பின்பு பாடநூலோடு ஒப்பிடுங்கள்.

பெரியோர்க்கும் ஒன்று கூறுவேன். கணினி வாங்க இயலாத இல்லத்துப் பிள்ளைகளுக்கு இக்கல்வி எட்டாக்கனி ஆதல் தகாது. பள்ளிக் கணினி அறையில் வாரம் ஒருமணி நேரமேனும் ஆசிரியர் துணையோடு இவ்வாட்டத்திற்கு ஒதுக்குக. அறிவு ஆடியும் வரும்; அது வரும் வழியை நாம் அடைத்தல் ஆகாது.