மூன்று மூட்டை நெல் வீட்டுக்கு

அரியக்குடியில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

'எங்களுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். சம்பா ஒரு போகம்தான். விளைந்த நெல்லை அப்படியே கொள்முதல் நிலையத்தில் போட்டுவிடுகிறோம். ரேஷனில் 20 கிலோ அரிசி வருகிறது. அதை இட்லி, தோசைக்கு வைத்துக்கொண்டு, சோற்றுக்கு மாதம் ஒரு 25 கிலோ சிப்பம் கடையில் வாங்குகிறோம். வீட்டில் நான், வீட்டுக்காரர், மாமியார், கல்லூரி போகும் மகன் என்று நாலு பேர். வீட்டுக்காரருக்கு 54 வயது. இரண்டு வருடமாகச் சர்க்கரை. டாக்டர் அரிசியைக் குறைக்கச் சொல்கிறார். இவரோ சோறு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்கிறார். மாமியாருக்குப் பல் இல்லை, குழைந்த சோறுதான் இறங்கும். மகன் ராத்திரி தோசை இல்லாமல் படுக்க மாட்டான். கருப்புக் கவுனி சாப்பிட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்று செல்போனில் வருகிறது. காரைக்குடியில் விசாரித்தால் கிலோ 200 ரூபாய் சொல்கிறார்கள். அதை வாங்கித்தான் ஆகவேண்டுமா? சிறுதானியத்துக்கு மாறலாமா? இல்லை, எங்கள் வயலிலேயே கவுனி போடலாமா?'

அரியக்குடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பித்தளைக் குத்துவிளக்கு நினைவுக்கு வரும். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு ராமானுஜ ஐயங்கார் நினைவுக்கு வருவார். சாப்பாடு என்று வந்துவிட்டால் செட்டிநாடு முழுவதற்கும் ஒரே பெயர்தான்: கோழிக் குழம்பு, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி. அதெல்லாம் கல்யாண வீட்டுப் பந்திக்கும் பெரிய வீட்டு விசேஷத்துக்கும் உரிய சாப்பாடு. கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் வீட்டில் அன்றாடம் அடுப்பில் ஏறுவது, இந்தக் கடிதத்தில் உள்ளபடி, காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை. மூன்று வேளையும் மூன்று பெயரில் அரிசிதான். இட்லி மாவில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுவதால் அது பருப்புச் சாப்பாடு ஆகிவிடாது.

எந்த அரிசி என்று கேட்கும் முன்னால் எவ்வளவு அரிசி என்று பார்க்கவேண்டும். ரேஷன் 20, சிப்பம் 25, ஆக மாதம் 45 கிலோ. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 375 கிராம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 355 கலோரி. அப்படியானால் அரிசியில் இருந்து மட்டும் 1,330 கலோரி உடம்புக்குள் போகிறது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படுகிறவருக்கு இது மூன்றில் இரண்டு பங்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்ந்து 45 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அந்த 2,000 கலோரிக் கணக்குக்கு அது சொல்லும் அளவு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு–பயறு, 400 கிராம் காய்–கீரை. மீன், முட்டை, கறி சாப்பிடுகிற வீட்டில் அவற்றைப் பருப்புக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க வரப்பு வெட்டுகிறவருக்கு 2,000 கலோரி போதாது என்பது உண்மைதான். ஆனால் உழவுக்கு டிராக்டரும் அறுப்புக்கு இயந்திரமும் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஏர் பிடித்த காலத்துச் சோற்று அளவு மட்டும் அப்படியே தட்டில் நிற்கிறது. அதிலும் சம்பா ஒரு போகம் மட்டும் உள்ள ஊரில், மாசிக்குப் பிறகு மாதக்கணக்கில் பெரிய வயல் வேலை கிடையாது. வேலை உள்ள நாளுக்கும் இல்லாத நாளுக்கும் ஒரே உலை வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

இந்த அரிசிப் பிரச்னை தமிழ்நாட்டுக்குப் புதியதும் அல்ல. அந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், 1918-ல், பெரிபெரி நோய் ஆய்வுக்காகத் தொடங்கியதுதான். 1958-ல்தான் ஹைதராபாத் போனது. அதைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசன் என்ற ஐரிஷ் மருத்துவர், இந்தியாவின் பல பகுதிகளில் மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய் கொண்ட பஞ்சாப் சீக்கியர் சாப்பாட்டில் எலிகள் நன்றாக வளர்ந்தன. எல்லாவற்றிலும் கடைசி இடம் சென்னை மாகாணச் சாப்பாட்டுக்கு. தீட்டிய அரிசி, அதோடு கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய் என்று இருந்த தட்டு அது. ஏறக்குறைய நூறு வருடம் ஆகியும் அந்தத் தட்டு இன்னும் மாறவில்லை.

குன்னூர் ஆய்வில் நல்ல செய்தியும் ஒன்று வந்தது. பச்சரிசியை ஆலையில் தீட்டிச் சாப்பிட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அரிதாகவே இருந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் தயமின் 0.05 மில்லிகிராம். புழுங்கலில் 0.17. தவிடு நீக்காத அரிசியில் 0.27. நெல் அவித்த பாட்டிமாருக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது, வேலை தெரிந்திருந்தது.

இனி கவுனி. தவிட்டில் கருநீல நிறமியும் நார்ச்சத்தும் உள்ள நல்ல அரிசி அது, சந்தேகம் இல்லை. தீட்டாமல் சாப்பிட்டால் வெள்ளை அரிசியைவிட மெதுவாகச் சர்க்கரையை ஏற்றும். ஏற்றவே ஏற்றாது என்பதும், இருக்கிற சர்க்கரையை இறக்கிவிடும் என்பதும் சரியல்ல. அதுவும் மாவுச்சத்துதான். செட்டிநாட்டில் கவுனி சமைக்கும் முறையையும் மறந்துவிடக்கூடாது. இரவெல்லாம் ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறுவார்கள். சர்க்கரை நோய்க்காரர் அதைச் சாப்பிட்டுவிட்டு 'கவுனிதானே சாப்பிட்டேன்' என்றால் குளுக்கோமீட்டர் ஒத்துக்கொள்ளாது. கிலோ 200 ரூபாய் கொடுத்து வாங்கத் தேவையே இல்லை.

வயலில் போடலாமா என்றால், சொந்தத் தேவைக்கு ஐந்து சென்ட், பத்து சென்ட் போட்டுப் பார்க்கலாம். பழைய கவுனி உயரமாக வளரும், காற்றுமழையில் சாய்ந்துவிடும், வயதும் அதிகம். கண்மாய்த் தண்ணீர் தை கடைசி வரை நிற்கும் என்ற உறுதி இல்லாத இடத்தில் அது ஆபத்து. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட கோ 57 என்ற கருப்பு அரிசி ரகம் 130 முதல் 135 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். கவுனி வேண்டும் என்கிறவர்களுக்கு அது பொருத்தம்.

சிறுதானியத்துக்கு வந்தால், கேழ்வரகு வீட்டில் கட்டாயம் இருக்கவேண்டிய தானியம். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் 10-கூட இல்லை. வயதான மாமியாரின் எலும்புக்கும் அது நல்லது, பல்லுக்கும் சிரமம் இல்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர் அதை மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி ஒரு சொம்பு குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். களியாகவோ அடையாகவோ, அளவாக, குழம்பும் கீரையும் சேர்த்துச் சாப்பிடலாம். குதிரைவாலி, வரகு, சாமைக்கும் இதே கதைதான். 375 கிராம் அரிசிக்குப் பதிலாக 375 கிராம் சாமை சமைப்பதில் பெரிய லாபம் இல்லை. அதையும் வெள்ளை வெளேர் என்று தீட்டித்தான் இப்போது பாக்கெட்டில் விற்கிறார்கள்.

ஆக, அந்த வீட்டில் செய்யவேண்டியது இதுதான். மாதம் 45 கிலோ அரிசியை 30 கிலோ ஆக்கவேண்டும். ஆளுக்கு 250 கிராம் கணக்கு அது. வேலை உள்ள நாளில் மகனும் அவரும் கொஞ்சம் கூடச் சாப்பிட்டால், வேலை இல்லாத நாளில் குறைத்துக்கொள்ளலாம். இதில் 20 கிலோ ரேஷனில் வந்துவிடுகிறது. மீதி 10 கிலோதான் வேண்டும். வருடத்துக்கு 120 கிலோ. 60 கிலோ மூட்டையில் மூன்று மூட்டை நெல், அதாவது 180 கிலோ, இதற்குத் தாராளம். முழுக்கத் தீட்டினாலே 100 கிலோ நெல்லுக்கு 65 முதல் 68 கிலோ அரிசி தேறும். லேசாகத் தீட்டினால் அதற்கும் மேல் கிடைக்கும்.

பணக்கணக்கும் பார்த்துவிடலாம். மூன்று மூட்டையை விற்காமல் வைத்தால், குவிண்டால் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், கையைவிட்டுப் போவது 4,500 ரூபாய். சிப்பம் 1,300 ரூபாய் என்றால் வருடத்துக்கு 12 சிப்பத்தில் மிச்சமாவது 15,600. இடையில் நிற்கிற 11,100 ரூபாயில் மாதம் ஆறு கிலோ பயறு கூடுதலாக வாங்கலாம். கிலோ 120 ரூபாய் வைத்தாலும் 8,640-தான் ஆகிறது. அரிசியைக் குறைத்த இடத்தில் பயறும் காயும் வராவிட்டால் பசிதான் மிஞ்சும். நாலே நாளில் பழைய அளவுக்கே உலை ஏறிவிடும். டாக்டர் குறைக்கச் சொல்லியும் பலரால் முடியாமல் போவது இதனால்தான்.

பயறு முழுவதையும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. நடவு வயலின் வரப்பில் 30 செ.மீ.க்கு ஒரு குழி போட்டு உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றலாம். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வம்பன் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே உருவான வம்பன் 8 உளுந்து விதையை வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். கொல்லையில் ஒரு முருங்கை இருந்தால் கீரைக்குக் கடைக்குப் போகவேண்டாம். மொச்சையும் வெண்டைக்காயும் போட்டு, அரிசி கழுவிய கழுநீரில் மண்டி வைக்கத் தெரிந்த ஊர் இது. வாரத்தில் மூன்று நாள் மண்டி, ஒரு நாள் கொள்ளு, ஒரு நாள் பாசிப்பயறு என்று வைத்தால், குழம்பே பாதி வயிற்றை நிரப்பிவிடும். அவர் முதலில் காயையும் பயறையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வரட்டும். சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும் வேகம் இதனால் குறையும். சோறும் தட்டில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொடுக்க வருகிறவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் சொல்லிவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு படியாகக் குறைக்கவேண்டும். சாப்பாடு மாறிவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது.

அரைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். வீட்டு நெல்லைப் புழுக்கி, நிழலில் காயவைத்து, ஆலையில் உமி நீக்கிய பிறகு ஒரே ஒரு தடவை தீட்டினால் போதும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பழக்கத்தில் வெள்ளையாக்கிவிடுவார்கள். தவிடு ஒட்டிய அரிசியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் நாளானால் சிக்கு வாடை வரும், வண்டும் விழும். வருடத்துக்கு உள்ளதை ஒரே நாளில் அரைக்காமல் மாதம் 15 கிலோ நெல் அரைப்பது நல்லது. அந்த அரிசி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஒரு மணி நேரம் ஊறவைத்தால் விறகும் கேஸும் மிச்சம். மாமியாருக்கு மட்டும் ரேஷன் புழுங்கலைக் குழைய வடிக்கலாம்.

ரேஷன் அரிசியில் வேறு நிறத்தில் தனியாகத் தெரியும் மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறார்கள். அது நூறு பங்குக்கு ஒரு பங்கு கலக்கப்பட்ட செறிவூட்டிய அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 அதில்தான் இருக்கிறது. எறியக்கூடாது, நாலைந்து தண்ணீரில் கழுவவும் கூடாது.

இந்தச் சத்துகள் முதலில் யாருக்குத் தேவை என்பதற்குக் கடிதத்திலேயே ஒரு குறிப்பு உண்டு. வீட்டுக்காரருக்குச் சோறு, மாமியாருக்குக் குழைந்த சோறு, மகனுக்குத் தோசை எல்லாம் எழுதிய சகோதரி, தான் என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கடைசியில் உட்கார்ந்து, மிஞ்சிய சோற்றில் மிஞ்சிய ரசத்தை ஊற்றிச் சாப்பிடும் தட்டுகள்தான் கிராமத்தில் அதிகம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளவேண்டும். கீரையும் பயறும் அவர் தட்டுக்கு முதலிலேயே எடுத்து வைக்கப்படவேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. அதை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

தை அறுவடையில் நெல் களத்துக்கு வந்ததும், கொள்முதல் நிலையத்துக்கு வண்டி ஏற்றும் முன்பே மூன்று மூட்டையைப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடவேண்டும். கடித்தால் 'டக்' என்று உடையும் அளவுக்குக் காயவைத்து, தரையில் படாமல் மரக்கட்டைமேல் அடுக்கினால் அடுத்த தை வரை இருக்கும். வண்டியில் ஏறிவிட்ட நெல்லை யாரும் இறக்கி வைக்கமாட்டார்கள்.