வேலை தேடுவோர்க்குத் துணை

இரண்டாம் உலகப்போரினின்று விடுவிக்கப்பெற்ற வீரர்கட்காக 1945-ஆம் ஆண்டில் நம் நாட்டில் அமைக்கப்பட்ட வேலைவாய்ப்பு நிலையங்கள், 1948-இல் பொதுமக்கள் யாவர்க்கும் திறக்கப்பட்டன. 1959-ஆம் ஆண்டுச் சட்டம், காலியிடங்களை அந்நிலையங்கட்கு அறிவிக்குமாறு அரசு நிறுவனங்களையும், 25 பேருக்குக் குறையாத ஆட்களையுடைய தனியார் நிறுவனங்களையும் பணித்தது. ஆயின், அவற்றின் வாயிலாகவே ஆள் அமர்த்த வேண்டுமென்று கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே, பெயரைப் பதிந்தமையாலேயே வேலை கிட்டிவிடாது. அறிவிப்பைக் காலத்தே கண்டு, தன் தகுதியறிந்து விண்ணப்பிக்கும் திறமும் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! அத்திறம் வாய்க்காதார்க்கு உதவுதல் கற்ற நம் கடனன்றோ? வாரத்தில் ஒரு நாள் நிலையத்திற்குச் சென்று, அறிவிப்பின் பொருளையும் இறுதி நாளையும் விளக்குவோம். ஆனால் விண்ணப்பத்தை நாமே எழுதிக் கொடுத்தல் வேண்டா. அவரே எழுதுமாறு அருகிருந்து கற்பிப்போம். இன்று ஒரு வேலை தவறினும், நாளை அவர் பிறர் கையை எதிர்பாரார்.