ஆற்றுப்படுத்துவார் இல்லாத பாணர்

பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து என்பதை நம் மாணவர் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பர். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் கலைஞரைப் பற்றியவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனை நிறுத்தி, 'இவ்வழியே செல், இன்னானைக் காண், உன் கலையை மதிப்பான்' என்று வழிகாட்டுவதே அவற்றின் அமைப்பு. தேர்வுக்காக இதனை நாம் பயிற்றுவிக்கின்றோம். மாணவரும் விடைத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆனால், அந்நூல்கள் எழுந்த காரணத்தை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? பாடுகின்றவனுக்குப் பாட்டு மட்டும் போதாது. அதைக் கேட்பவர் இருக்குமிடத்திற்கு வழியும் வேண்டும். அவ்வழியைக் காட்டுவது சான்றோர் கடமை என்று நம் முன்னோர் கருதினர். அதனாற்றான் அதற்கென ஓர் இலக்கிய வகையே பிறந்தது.

இன்று நம் நாட்டிலும் பாணர் உண்டு. திரைப்படத்தைச் சாராது, பெரிய நிறுவனத்தின் முதலீடு இன்றி, தாமே எழுதி, தாமே இசையமைத்து, தம் கைக்காசில் ஒலிப்பதிவு செய்து, இணையத்தில் ஏற்றிவிட்டுக் காத்திருக்கும் இளைஞர் அவர். அவர்தம் படைப்பைத் தனியிசை என்கின்றோம். அந்தப் பாணர்க்கு ஆற்றுப்படுத்துவார் யார்? ஒருவரும் இலர். மாறாக, அவரைத் தவறான வழியில் திருப்புவோரும், வழியோரம் நின்று வேடிக்கை பார்ப்போருமே மிகுந்துள்ளனர். இவ்விரு சாராரோடும் வழக்காடவே இக்கட்டுரை எழுந்தது. இரண்டாம் சாராருள் நானும் இருந்தேன் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன்.

'இணையம் வந்துவிட்டது, இனி வானொலி நிலையத்தின் வாயிலில் காத்திருக்க வேண்டியதில்லை, திறமை இருந்தால் உலகமே கேட்கும்' என்று மேடைதோறும் முழங்குகின்றனர். கேட்க இனிய சொற்கள். ஆயின், பாதிதான் உண்மை. கதவு திறந்திருப்பது மெய்யே. ஆனால், அது ஒருவர்க்கு மட்டுமன்று, உலகோர் அனைவர்க்கும் திறந்திருக்கின்றது. லுமினேட் என்னும் இசைக் கணக்கெடுப்பு நிறுவனம் 2023ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இணைய இசைத்தளங்களில் இருந்த ஏறத்தாழ 18 கோடியே 40 இலட்சம் பாடல்களுள், 4 கோடியே 56 இலட்சம் பாடல்கள் அவ்வாண்டில் ஒரு முறையேனும் கேட்கப்படவில்லை. பாடியவனும் கேட்கவில்லை, அவனைப் பெற்ற தாயும் கேட்கவில்லை! கதவைத் திறந்து வைத்துவிட்டால் விருந்தினர் வந்துவிடுவர் என்பார்க்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுமோ?

கேட்கப்பட்டாலும் கூலி கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024ஆம் ஆண்டு முதல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு உரிமத்தொகை கிடையாது என்பதே அவ்விதி. அந்த எல்லையைக் கடந்த பின்னும் பணம் நாம் எண்ணும் வழியில் செல்வதில்லை. நீங்கள் மாதந்தோறும் சந்தா செலுத்துகின்றீர்கள். அம்மாதம் முழுதும் ஈப்போவில் இருக்கும் ஓர் இளைஞனின் பாடலை மட்டுமே கேட்கின்றீர்கள் என்று கொள்வோம். உங்கள் பணம் அவ்விளைஞனுக்குப் போகும் என்று எண்ணுவீர்கள். போகாது! எல்லாருடைய பணமும் ஒரே குவியலில் சேர்ந்து, மொத்தமாகக் கேட்கப்பட்ட எண்ணிக்கையில் யார்க்கு எவ்வளவு பங்கோ அவ்வளவாகப் பிரிகின்றது. கோடிக்கணக்கில் கேட்கப்படுவோர் குவியலில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள, உங்கள் அன்புக்குரிய இளைஞனுக்குத் துளியே மிஞ்சுகின்றது.

புகழ் பெருகினால் பொருள் தானே வரும் என்பாரும் உளர். 2021இல் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலை அறியாத மாணவர் இரார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் மூதாட்டியின் நினைவைப் பாடலாசிரியர் அறிவு அதில் வைத்திருந்தமையால், பால்மரக் காட்டு வாழ்வை மறவாத நம் மக்கள் நெஞ்சிலும் அது தைத்தது. கோடிக்கணக்கான பார்வைகள் அதற்குக் குவிந்தன. ஆயினும், அப்பாடலால் கலைஞர்க்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகவே அறிவித்தார். உலகறிந்த பாடலுக்கே இந்நிலை என்றால், ஊரும் அறியாத பாடலின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்த ஏக்கத்தை மூலதனமாக்கி வாணிகம் செய்யும் ஒரு கூட்டம் உண்டு. 'இத்தனை வெள்ளி கொடு; ஓர் இலட்சம் பார்வை வாங்கித் தருகின்றேன்' என்று கூவி விற்கும் கூட்டம் அது. என்னிடம் ஐந்தாம் படிவத்தில் தமிழ் இலக்கியம் படித்த மாணவன் ஒருவன் அதனிடம் சிக்கினான். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் பாட்டு. தன் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகி, அவள் வழிபட்ட கோயில் இருந்த இடமும் தெரியாமற் போனதைப் பாடலாக்கினான். ஒலிப்பதிவுக்கு 4,000 வெள்ளி செலவிட்டான். பின்னர் விளம்பரம் செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 600 வெள்ளி கொடுத்தான். மூன்றே நாளில் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தொட்டது. ஒரு மாதத்திற்குள், செயற்கையாகக் கேட்கப்பட்டது என்ற காரணத்தால் பாடல் நீக்கப்பட்டது.

அவன் என் வீட்டிற்கு வந்து கைப்பேசியை நீட்டினான். 'ஐயா, ஓர் இலட்சம் பேர் கேட்டதாகக் காட்டியது. ஒருவர்கூட என் பாட்டியைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை' என்றான். அதன்பின் அவன் பாடவில்லை.

மாணவச் செல்வங்களே, அவன் சொன்னதை உள்ளத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை வேறு, செவி வேறு. எண்ணிக்கையை விலைக்கு வாங்கலாம்; செவியை வாங்க முடியாது. பொறிகள் பொறிகளுக்குப் பாடலை ஒலிக்கச் செய்து, அதனை மனிதர் கேட்டதாகக் கணக்குக் காட்டுவது கலை வளர்ச்சி ஆகுமா? அது பதரை அளந்து நெல்லென்று விற்பது. 2024ஆம் ஆண்டு முதல் அப்பட்டமான பொய்க்கணக்குக்குத் தண்டத்தொகையும் விதிக்கப்படுகின்றது. அறத்தை மதியாதாரும் இழப்பையேனும் அஞ்சலாம்.

இனி, இதற்கு நேர்மாறான மற்றொரு கருத்தையும் மறுத்தல் வேண்டும். 'தன் பாடலைத் தானே பரப்புவது கலைஞனுக்கு இழுக்கு. பூ மலர்ந்தால் வண்டு தானே வரும்' என்கின்றனர் தூய கலை பேசுவோர். யாழைத் தோளில் சுமந்து, விறலியொடும் சுற்றத்தொடும் காடும் மலையும் கடந்து சென்றவர் நம் பாணர். அவர்க்கு வராத இழுக்கு, கைப்பேசியில் தன் பாடலை அறிமுகம் செய்யும் இளைஞனுக்கு எங்ஙனம் வரும்? இழுக்கு, பரப்புவதில் இல்லை. பொய்யாகப் பரப்புவதில் உள்ளது.

அவ்வாறாயின் மெய்யாகப் பரப்பும் வழி யாது? ஸ்பாட்டிஃபை நம் நாடுகளுக்கு வந்தது 2013இல். அதற்கு ஏழாண்டு முன்பே, 2006இல், யோகி பி - நட்சத்திராவின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு வெளிவந்தது. மலேசிய மண்ணின் தமிழ்ச் சொல்லிசை கடல் கடந்து தமிழகத்திலும் கேட்கப்பட்டது. இசைத்தளங்களின் பரிந்துரைப் பொறிகள் அதனைக் கொண்டுசெல்லவில்லை. ஒருவர் கேட்டு மற்றொருவரிடம் 'இதைக் கேள்' என்றார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அதுவே ஆற்றுப்படை. கருவிகள் மாறினாலும் அந்நெறி மாறுவதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008இல் எழுதிய கட்டுரை ஒன்றும் இதனையே வேறு வகையில் சொல்கின்றது. ஒரு கலைஞனுக்குப் பத்து இலட்சம் பேர் வேண்டியதில்லை. அவன் எதைப் படைத்தாலும் வாங்கும் 1,000 உண்மை இரசிகர் இருந்து, ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 டாலர் செலவிட்டால், அவன் வாழ்ந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. நம் சிறிய சமூகத்தில் ஆயிரமும் பெரிய எண்தான். ஆகவே குறைத்தே எண்ணுவோம். 300 பேர், ஆண்டுக்கு ஆளுக்கு 50 வெள்ளி. 15,000 வெள்ளி ஆயிற்று. என் மாணவன் செலவிட்ட தொகையில் மூன்று பாடல்களை ஒலிப்பதிவு செய்தாலும் மிச்சமிருக்கும்.

அந்த 300 பேரை எப்படித் திரட்டுவது? முதலாவது, தலைப்பையும் பாடல் வரிகளையும் தமிழ் எழுத்தில் இடுக. ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் ஐந்து வகையாக எழுதுகின்றோம். பின்னர்த் தேடுவார் கண்ணில் படவில்லையே என்று வருந்துகின்றோம். இரண்டாவது, கேட்டவர் பெயரையும் முகவரியையும் அவர் ஒப்புதலோடு பெற்றுத் தாமே காத்து வருக. தளங்கள் நாளை விதியை மாற்றலாம், மூடவும் படலாம்; கலைஞன் கையிலுள்ள பட்டியலை யாரும் பறிக்க முடியாது. மூன்றாவது, நேரே விற்பனை செய்க. பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் 20 வெள்ளிக்கு ஒரு தொகுப்பு விற்றால், நூற்றுக்கு 15 விழுக்காடாகிய 3 வெள்ளியைத் தளம் எடுத்துக்கொள்ளும். பணம் அனுப்பும் கட்டணம் போக எஞ்சுவது படைத்தவனுக்கு. நான்காவது, ஒரு பாடலை வெளியிட்டு ஓராண்டு மறைந்து போகாமல், அப்பாடல் பிறந்த கதையை, பிழைபட்ட முயற்சியை, அடுத்த பல்லவியை இடைவிடாது பகிர்ந்து கொள்க. ஐந்தாவது, பிற கலைஞரின் பாடலையும் தம் இரசிகர்க்கு அறிமுகம் செய்க. எதிரே வந்த பாணனைப் போட்டியாளனாகக் கருதியிருந்தால் ஆற்றுப்படை என்னும் இலக்கியமே தமிழில் பிறந்திராது.

கலைஞர் கடமையைக் கூறினோம். இனி நம் கடமைக்கு வருவோம், ஆசிரியப் பெருமக்களே. கசப்பான பகுதி இதுவே.

நம் பள்ளிகளின் ஆண்டுவிழாவில் ஒலிப்பவை எவர் பாடல்கள்? பரிசளிப்பு விழாவில், ஆசிரியர் தின விழாவில் மாணவர் ஆடுவது எதற்கு? சென்னையிலிருந்து வந்த திரைப்படப் பாடலுக்கே. திரைப்பாடல் தீது என்று நான் சொல்லவில்லை. ஆனால், பக்கத்துத் தெருவில் தமிழில் பாடும் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியாதிருப்பது தீது. 'உள்ளூர்ப் பாடல்களில் தரமில்லை. மொழி சிதைகின்றது' என்று நாம் காரணம் கூறுகின்றோம். எத்தனை பாடல்களைக் கேட்டபின் இத்தீர்ப்பை வழங்கினோம்? மாணவன் கட்டுரையில் பிழை இருந்தால் ஏட்டை வீசி எறிகின்றோமா? சிவப்பு மையால் திருத்தித் திருப்பித் தருகின்றோம். பாடல் எழுதும் பிள்ளைக்கும் அதே திருத்தத்தை ஏன் வழங்கக்கூடாது? 'இவ்வடியில் சொல் வழுவியது. இவ்வடி நன்று' என்று இரண்டு வரி எழுதும் ஆசிரியர் ஒருவர், விலைக்கு வாங்கிய ஓர் இலட்சம் பார்வையினும் மேலானவர்.

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரே ஓர் உள்ளூர்த் தனியிசைப் பாடலைத் தேர்ந்து, பாடியவரிடம் முறையாக இசைவு பெற்று, 50 வெள்ளி நன்கொடை அளித்து விழாவில் ஒலிக்கச் செய்தால், ஆண்டுக்கு 25,000 வெள்ளிக்குக் குறையாமல் நம் கலைஞர் கைக்குச் செல்லும். மாலைக்கும் பொன்னாடைக்கும் நாம் செலவிடுவதைக் காட்டிலும் அது பெரிதன்று. அதனினும் மேலாக, அவ்விழாவில் அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், 'நம் ஊரிலும் தமிழில் பாட்டுப் பிறக்கின்றது. நாமும் எழுதலாம்' என்ற எண்ணத்தோடு வீடு திரும்புவர். சிங்கப்பூரிலும் இது செய்யக்கூடியதே. பள்ளிகளின் தமிழ் மொழி மன்றங்கள் முன்வந்தால் தடையேதும் உண்டோ?

'இவ்வளவு பேசுகின்ற நீர் என்ன செய்தீர்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. அந்த மாணவன் பாடலை வெளியிட்ட அன்றே அதன் இணைப்பை எனக்கும் அனுப்பியிருந்தான். நான் 'வாழ்த்துகள்' என்று ஒரு சொல்லைத் தட்டிவிட்டேன். பாடலைக் கேட்கவில்லை. அன்று நான் கேட்டிருந்தால், அவன் பாட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால், என் வகுப்பில் அதனை ஒலிக்கச் செய்திருந்தால், அவன் 600 வெள்ளிக்குப் பொய்ச் செவிகளை வாங்கப் போயிருப்பானா? பார்வை விற்றவன் செய்தது ஏமாற்று. நான் செய்தது அலட்சியம். பாடலைக் கொன்றது எது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆற்றுப்படையைத் தேர்வுக்குப் படித்தது போதும். இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் நம் நாட்டு இளைஞர் ஒருவரின் பாடலைத் தேடி எடுங்கள். முழுமையாகக் கேளுங்கள். நன்றாயின் விலை கொடுத்து வாங்குங்கள். குறையிருப்பின் அவர்க்கே எழுதுங்கள். பின்னர் இன்னொருவரிடம் சொல்லுங்கள். பாணர் இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கின்றனர். வழிகாட்ட வேண்டியவர் நாம்.